கிரீஸ் போக்கிய எண்ணெய்களின் கதை

எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய்க்கு மூன்று பெயர்கள் இருந்தன. பாட்டி தலைமுறை அதைச் சீமெண்ணெய் என்றது. கப்பலில் வந்த பொருளுக்கெல்லாம் சீமை என்று முன்னால் சேர்த்துச் சொன்ன காலம் அது. ரேஷன் வரிசையில் நின்றவர்கள் கிருஷ்ணாயில் என்றார்கள். கெரசின் ஆயில் என்ற சொல் நம் வாயில் புரண்டு கண்ணன் பெயராகிவிட்டது. பள்ளிக்கூடப் புத்தகம் மண்ணெண்ணெய் என்றது. பட்டறையில் மட்டும் தனிப் பெயர் எதுவும் கிடையாது. "பார்ட்ஸை எண்ணெயில போடு" என்றால் எந்த எண்ணெய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் பஸ் பணிமனையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வயது நண்பர்கள் சிலர் பழைய லாம்பிரெட்டாவையும் ஜாவாவையும் வீட்டிலேயே பிரித்து மாட்டிப் பொழுதுபோக்குகிறார்கள். அவர்களில் ஒருவர் போன மாதம் கேட்டார்: "கிரீஸும் கரியும் பிடிச்ச பார்ட்ஸை வீட்டுல எதுல கழுவுனா நல்லதுங்க?" ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரி கிடைப்பதற்குள் உலகத்தில் எத்தனையோ பேர் கையையும் ஈரலையும் நரம்பையும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டின்னும் தட்டும்

அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் சதுர டின்னில் வரும். ஒரு டின்னுக்கு 4 காலன், அதாவது சுமார் 18 லிட்டர். எண்ணெய் தீர்ந்ததும் டின்னை யாரும் தூக்கி எறியமாட்டார்கள். மேல்பக்கத்தை வெட்டிக் குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் எடுக்கும் டின். விரித்துத் தட்டினால் கூரைக்குத் தகடு. நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஓரத்தை மடித்துவிட்டால் பார்ட்ஸ் கழுவும் தட்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் அந்தத் தட்டும், முடி கொட்டிய பெயிண்ட் பிரஷ்ஷும், ஒரு கை பனியன் வேஸ்ட்டும் இல்லாத இடமே கிடையாது.

எஞ்சினைப் பிரித்து மாட்டுவது நம் வட்டாரத்தில் பழைய தொழில். ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். பிறகு கிணற்று மேடுகளில் ஆயில் எஞ்சின்கள் வந்தன. அதற்குப் பிறகு வீட்டு வாசலுக்கு ஸ்கூட்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளக்கைக் கழற்றி, பெட்ரோலில் நனைத்து, உப்புத்தாளில் தேய்த்து மாட்டாத வீட்டுக்காரர் உண்டா? கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதிப் பார்க்காதவர் உண்டா? அப்போது ஸ்கூட்டர் வைத்திருந்தவரெல்லாம் அரை மெக்கானிக்.

முதலில் கழுவத்தான் பெட்ரோல்

பெட்ரோல் வண்டி ஓட்டும் திரவம், கொஞ்சம் எடுத்து நாம் கழுவவும் பயன்படுத்திக்கொண்டோம் என்றுதான் நினைக்கிறோம். வரலாறு இதற்கு நேர் எதிர்.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் என்று அதைச் சொல்கிறார்கள். வழியில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத நாள். வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் நிறுத்தி லிக்ராயின் வாங்கி ஊற்றிக்கொண்டார். மருந்துக் கடையில் அது துணிக்கறை போக்குவதற்காக விற்ற பாட்டில் திரவம். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தன் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாராம். நம் வீட்டு ஜெட் ஊசி வைத்தியத்துக்கு அந்த அம்மையார்தான் மூத்தவர்.

ஆக, பெட்ரோல் வகைத் திரவங்கள் முதலில் கறை நீக்கியாகத்தான் கடையில் இருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டிரை கிளீனிங் கடைக்காரர்கள் கோட்டையும் பட்டையும் பெட்ரோலில்தான் அலசினார்கள். அடிக்கடி கடையோடு எரிந்தும் போனார்கள்.

முதல் பகை நெருப்பு

ஏன் எரிந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். திரவம் எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அதாவது நம் ஊரில் எந்த நாளிலும், எந்த நேரத்திலும் அது தயார். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்த நிலைக்கு வரும். இந்த அளவை ஒழுங்காகச் சோதிக்கும் மூடிய கிண்ணக் கருவியைச் செய்தவர் பிரிட்டனின் ஃபிரெடரிக் ஏபெல். 1879-இல் அந்த நாட்டுச் சட்டமே அவர் கருவியை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டமும் இந்த அளவை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. 23 டிகிரிக்குக் கீழே பற்றுவது முதல் வகை; பெட்ரோல் அதில் சேரும். மண்ணெண்ணெயும் டீசலும் இரண்டாம் வகை.

இரண்டாவது விஷயம், பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது. தண்ணீர் போலத் தரையோடு ஓடி, பள்ளத்தில் தேங்கும். கண்ணுக்கும் தெரியாது.

இதை நான் நேரில் பார்த்தேன். 1980-களின் தொடக்கம். ஒரு மார்கழிக் காலை. ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு கொட்டகைப் பட்டறை. நான் ஒரு சாமான் வாங்கப் போயிருந்தேன். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் ஒருவன் குத்தவைத்து உட்கார்ந்து தட்டில் பெட்ரோல் ஊற்றி கியர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். பத்தடி தள்ளி டீ போட பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தார் ஒருவர். பத்தடி என்றால் போதுமான தூரம்தானே என்று யாரும் நினைப்பார்கள். ஸ்டவ் அடியிலிருந்து தரையோடு தரையாக நீலமாக ஒன்று ஓடியது. அடுத்த நொடி தட்டு எரிந்தது. பையன் கையை உதறினான். உதறியதில் நெருப்பு இன்னும் பரவியது. மேஸ்திரி ஓடிவந்து தண்ணீர் டிரம்மில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துத் தட்டின் மேல் போட்டார். இன்னொரு சாக்கில் பையனைச் சுற்றினார். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்ற வந்தவரை, "தண்ணி ஊத்தாதீங்க, பெட்ரோல் மெதந்து ஓடும்" என்று அவர்தான் தடுத்தார். பையன் பிழைத்தான். முழங்கை வரை தோல் சுருங்கிப்போய், இரண்டு கைவிரல்களும் முழுசாக மடங்காமல் ஆயிற்று. பிறகு அவன் எந்தப் பட்டறைக்கும் வேலைக்குப் போகவில்லை.

அமெரிக்காவிலும் இதே பயம்தான் ஒரு வழியைக் காட்டியது. 1920-களில் அட்லாண்டாவில் டிரை கிளீனிங் தொழில் செய்த ஸ்டாடர்ட் என்பவர், மெலன் ஆய்வு நிலையத்தோடு சேர்ந்து, பெட்ரோலைவிடக் கனமான, 38 டிகிரிக்கு மேல்தான் பற்றும் ஒரு திரவத்தை உருவாக்க வைத்தார். 1928-இல் அதற்கு அங்கே தர அளவும் வந்தது. அதன் நெருங்கிய உறவுதான் நம் பெயிண்ட் கடைகளில் மினரல் டர்பன்டைன் என்று விற்பது. இந்தக் கதையின் கடைசியில் அது மறுபடி வரும்.

எரியவே எரியாத அதிசயம்

நெருப்புக்குப் பயந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. எரியவே எரியாத திரவம் ஒன்றைத் தேடினார்கள். கிடைத்தது. கார்பன் டெட்ராகுளோரைடு. கிரீஸை நொடியில் கரைக்கும். சட்டென்று உலரும். தீக்குச்சியைப் போட்டால் அணைந்துபோகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தீயணைப்புக் கருவியிலேயே நிரப்பிக் கார்களில் மாட்டினார்கள் என்றால் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கும், பாருங்கள். வீட்டில் கறை நீக்க சின்ன பாட்டிலிலும் விற்றார்கள்.

அதன் குணம் மெதுவாகத்தான் தெரிந்தது. ஆவியை முகர்ந்தவர்களுக்கு ஈரலும் சிறுநீரகமும் கெட்டன. மது குடிப்பவர்களுக்கு அடி இன்னும் பலம். சூடான இரும்பில் பட்டால் அது ஃபாஸ்ஜீன் என்ற வாயுவைத் தரும். முதல் உலகப்போரில் எதிரிப் படையைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. 1970-இல் அமெரிக்கா அதை வீட்டுப் பொருட்களில் தடைசெய்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் இந்தியாவும் 2010 தொடக்கத்தோடு அந்த வகைப் பயன்பாட்டைக் கைவிட்டது.

அதன் தம்பி டிரைகுளோரோஎத்திலீன். தொழிற்சாலைகளில் தொட்டியில் அதைக் காய்ச்சி, அந்த ஆவியில் பார்ட்ஸைத் தொங்கவிடுவார்கள். கிரீஸ் வழிந்து, இரும்பு புதுசு போல வெளியே வரும். என் தாய்மாமா ஒரு பம்ப் கம்பெனியில் அந்தத் தொட்டியில் வேலை பார்த்தார். "ட்ரைகுளோர் தொட்டிக்குப் போனவன் அன்னிக்கு ராத்திரி தண்ணி போட்டா மூஞ்சி செவந்துரும் மாப்பிள்ளை, வீட்டுல கண்டுபுடிச்சுருவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்களும் சிரிப்போம். பிற்காலத்தில் படித்தபோதுதான் தெரிந்தது, மருத்துவர்கள் இதைப் பார்த்து எழுதிவைத்து, கிரீஸ் நீக்குபவரின் சிவப்பு என்ற பொருளில் ஒரு பெயரே கொடுத்திருக்கிறார்கள். அதே திரவத்தைப் பிரசவ வலிக்கு மயக்க மருந்தாகவும் ஒரு காலத்தில் முகரக் கொடுத்திருக்கிறார்கள். தொட்டிக்கு மேல் குனிந்து நின்றவர்களுக்குத் தலை சுற்றியது எதனால் என்பது அதிலிருந்தே விளங்கும். 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியான பட்டியலில் அதைச் சேர்த்தது.

கையில் ஊற்றிக் காட்டியவர்

இனி மறுபடி பெட்ரோலுக்கு வருகிறேன். நம் இளமைக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது.

1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர், டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் எஞ்சின் தட்டுவது நின்றுபோவதைக் கண்டுபிடித்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். ஐந்து பேர். நிருபர்கள் கேள்வி கேட்டபோது, மிட்ஜ்லி அந்தத் திரவத்தைத் தன் கையில் ஊற்றிக் கழுவி, புட்டியைச் சுமார் ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டி, ஆபத்தில்லை என்றார். அவரே அதற்கு முந்தைய வருடம் ஈய நஞ்சினால் உடம்பு கெட்டு விடுப்பில் போய் ஓய்வெடுத்தவர்.

உலகம் நம்பியது. ஈயப் பெட்ரோல் எங்கும் ஓடியது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயம் நின்றது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்.

அப்படியென்றால் 2000-க்கு முன்னால் நம் ஊர்ப் பட்டறைகளில் பெட்ரோலில் கை விட்டுக் கழுவிய பையன்கள் அத்தனை பேரும் ஈயம் கலந்த திரவத்தில்தான் நாள் முழுக்கக் கையை நனைத்தார்கள். பங்கில் கலந்திருந்த அளவு மிட்ஜ்லி கையில் ஊற்றியதைவிட மிகக் குறைவுதான். ஆனால் அவர் காட்டியது ஒரு நிமிடம். இவர்களுக்குத் தினமும் எட்டுப் பத்து மணி நேரம், வருடக்கணக்கில். அதே கையோடு டீக்கடைப் பன்னையும் சாப்பிட்டார்கள். ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும் என்பது இன்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பையன்களை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. "படிப்பு ஏறல, அதான் பட்டறைக்கு அனுப்பிச்சோம்" என்று பெற்றோர்கள் சொல்வார்கள். பட்டறைக்குப் போன பிறகு ஏறாமல் போனது எவ்வளவு என்று யார் கணக்கு எடுத்தார்கள்?

ஈயம் போன பிறகும் பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையைக் கெடுப்பது, ரத்தப் புற்றுநோய் தருவது. இப்போது 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று விதி. முன்பு அதைவிடக் கூடுதலாகவே இருந்தது.

மிட்ஜ்லி கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. ஃபிரிட்ஜுக்காக நஞ்சில்லாத, எரியாத ஃபிரியான் வாயுவை உண்டாக்கிய குழுவுக்கும் அவர்தான் தலைவர். 1930-இல் அதையும் கூட்டத்தில் மூச்சிழுத்துக் காட்டினார். அந்தக் குடும்பத்தில் பிறகு வந்த திரவம் ஒன்றைத்தான் மின்னணுத் தட்டுகளையும் நுட்பமான பார்ட்ஸையும் கழுவுவதற்கு உலகமே வாங்கியது. கழுவுகிறவனுக்கு அது பெரிய கெடுதல் செய்யவில்லை. வானத்தில் ஓசோன் படலத்தை அரித்தது. 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு அதை நிறுத்தவேண்டி வந்தது.

ஸ்பிரே டப்பா

குளோரின் கலந்த திரவங்களுக்குக் கெடுபிடி வந்ததும் கம்பெனிகள் வேறு கலவைக்குப் போயின. பிரேக் கிளீனர் என்று டப்பாவில் வருவதில் சிலவற்றில் ஹெக்சேன் சேர்ந்தது. 1999, 2000 வாக்கில் கலிஃபோர்னியாவில் இளம் மெக்கானிக்குகள் சிலர் கைகால் மரத்துப்போகிறது, நடக்கத் தள்ளாடுகிறது என்று மருத்துவமனைக்கு வந்தார்கள். நாள்தோறும் அந்த டப்பாவை அடித்துப் பிரேக் கழுவியவர்கள். ஹெக்சேன் அவர்கள் நரம்பைத் தின்றிருந்தது. 2001-இல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமே இதை அறிக்கையாக வெளியிட்டது.

இன்னும் சில டப்பாக்களில் குளோரின் திரவமே இருக்கிறது. அதை அடித்த ஈரம் காயாமல் அந்த இடத்தில் வெல்டிங் வைத்தால் மேலே சொன்ன ஃபாஸ்ஜீன் வரும். டப்பாவில் குளோரோ என்று எந்தப் பெயராவது இருந்தால் வெல்டிங் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்

இத்தனை திரவங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். கிரீஸ் ஒரு கொழுப்பு மாதிரிதான். அதைக் கரைக்கிற திரவம் எதுவானாலும் கொழுப்பைக் கரைக்கும். நம் தோலுக்கு மேல் எண்ணெய்ப் பசை இருக்கிறது. நரம்பைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது. மூளையில் பெரும்பங்கு கொழுப்பு. இரும்பில் இருக்கும் கொழுப்பை மட்டும் எடு, கையில் இருப்பதை விட்டுவிடு என்று திரவத்திடம் சொல்ல முடியாது. "வேகமாகக் கரைக்கும்" என்று எதை விற்றாலும், நம்மையும் வேகமாகக் கரைக்கும் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும். தீயும் நஞ்சும் சேர்ந்தே இல்லாத திரவம் இந்த நூறு வருடத்தில் கிடைக்கவில்லை. எனவே மெதுவாகக் கரைப்பதைத் தேர்ந்தெடுத்து, நாம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ப்பதுதான் வழி.

சரி, வீட்டில் எதில் கழுவுவது?

நண்பர் கேட்டதற்கு என் பதில் இதுதான். முதலில் மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ கிரீஸைச் சுரண்டி எடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அடுத்தது சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். முக்கால்வாசிப் பார்ட்ஸுக்கு இதுவே போதும். உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, துரு பிடிக்காமல் லேசாக எண்ணெய் தடவிவிடுங்கள்.

அதற்கும் போகாத கரிக்கும் பிசினுக்கும் மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன். ரேஷனில் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்ட இந்த நாளில் பெயிண்ட் கடை டர்பன்டைன் எளிதாகக் கிடைக்கிறது. பெட்ரோல் வேண்டாம். பிளக் கழுவக்கூட வேண்டாம்.

எங்கே கழுவுவது என்பது எதில் கழுவுவது என்பதைவிட முக்கியம். வாசலில், மரத்தடியில், காற்று ஓடும் இடத்தில். நம் கோடை வெயிலில் 35 டிகிரி சாதாரணம். அப்போது மண்ணெண்ணெயும் பெட்ரோல் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கும். ஆகவே காலை வேளை நல்லது. சூடான எஞ்சினில் ஊற்றக் கூடாது. பக்கத்தில் அடுப்பு, ஊதுவத்தி, பூஜை விளக்கு, பீடி எதுவும் கூடாது. சமையலறையிலோ குளியலறையிலோ மூடிய கார் ஷெட்டிலோ கூடாது. இரும்புத் தட்டு வையுங்கள், மூடியோடு. பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டு அமுக்கினால் போதும். பக்கத்தில் ஒரு ஈரச் சாக்கும் ஒரு வாளி மணலும் இருக்கட்டும்.

கைக்கு நைட்ரைல் கையுறை போடுங்கள். டாக்டர் போடும் மெல்லிய ரப்பர் கையுறை மண்ணெண்ணெயில் ஊறிப் பிய்ந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிரஷ் தெறிக்கும். கையைக் கடைசியில் பெட்ரோலில் கழுவும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டால் கிரீஸ் போய்விடும்.

பார்ட்ஸைப் பற்றியும் சில விஷயம். ஆயில் சீல், ரப்பர் வளையம், டயாஃப்ரம் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள், எண்ணெயில் ஊதிப்போகும். பிரேக் சிலிண்டரின் ரப்பர் கப் மண்ணெண்ணெய் பட்டால் பருத்துப் பிரேக் சிக்கிக்கொள்ளும். அதைப் பிரேக் ஆயிலில் மட்டுமே கழுவவேண்டும். பழைய பிரேக் லைனிங் தூளை ஊதாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். பேரிங்கைக் கழுவிவிட்டுக் காற்றுக்குழாயில் சுழலவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். உள்ளே எண்ணெய் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் குண்டு தேயும், சில நேரம் தெறிக்கும்.

இரண்டு ஸ்ட்ரோக் ஸ்கூட்டரின் சைலன்சர் கரியைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து எடுப்பது நம் காலத்து வித்தை. இரும்புச் சைலன்சருக்குச் சரி. ஆனால் அதே வாளியில் அலுமினிய ஹெட்டையோ பிஸ்டனையோ கார்புரேட்டரையோ போட்டால் உலோகமே கரைந்துபோகும். குமிழி குமிழியாக வருவது ஹைட்ரஜன், எரியும் வாயு. காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வையே போகும். இந்த வயதில் அந்த வித்தை நமக்கு வேண்டாம்.

கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். 1992 ஏப்ரலில் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் சாக்கடைக்குள் பெட்ரோல் கசிந்து தேங்கி வெடித்தது. தெருத் தெருவாக நிலம் பிளந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் தட்டு எண்ணெய் அவ்வளவு செய்யாதுதான். ஆனால் கிணற்றுத் தண்ணீரைக் கெடுக்க ஒரு தட்டு போதும். ஒரு டின்னில் ஊற்றி மூடி ஒரு நாள் வைத்தால் அழுக்கு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை இறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அடி வண்டலைப் பழைய எஞ்சின் ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நனைந்த பனியன் வேஸ்ட்டைக் குவித்து வைக்காமல் வெளியில் விரித்து உலர்த்துங்கள்.

பாட்டிலும் பேரப்பிள்ளையும்

கடைசியாக ஒன்று. இதை மட்டும் படித்தாலும் போதும்.

கழுவ வாங்கிய மண்ணெண்ணெயையும் டர்பன்டைனையும் தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய டப்பாவிலேயே, எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். தாகத்தில் குழந்தை எடுத்துக் குடிப்பது நம் ஊர் மருத்துவமனைகளுக்குப் பழகிப்போன சங்கதி. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எதுவும் கூடாது. வயிற்றில் இருக்கும்போது மண்ணெண்ணெய் செய்யும் கெடுதல் குறைவு. வாந்தியில் ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். எதுவும் கொடுக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடவேண்டும். டியூபை வாயில் வைத்து டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சுவதும் இதே ஆபத்துதான். கையால் அழுத்தும் பம்ப் சில்லறை விலைக்குக் கிடைக்கிறது.

வீட்டுக்கு மெக்கானிக்கை வரவழைத்து வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட ஒரு கையாள் பையன் வருவான். கழுவும் தட்டு அவன் முன்னால்தான் வைக்கப்படும். அவனுக்கு ஒரு ஜோடி கையுறையும், ஒரு கட்டி 501 சோப்பும், டீக்கு முன்னால் கை கழுவத் தண்ணீரும் கொடுங்கள். தட்டில் பெட்ரோல் இருந்தால் கொட்டிவிட்டு டர்பன்டைன் ஊற்றச் சொல்லுங்கள். "இதுல சீக்கிரம் போவுமுங்க" என்பான் மெக்கானிக். மெதுவாகவே போகட்டும் என்று சொல்லிவிடுங்கள்.